சோறிட்ட கையும் கேட்ட செவியும்

மாதர் சங்கங்கள் நடத்தும் விருந்துகளை வெறும் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர் உண்டு. ஆயின், ஒரு பந்தியின் பயன் அது முடிந்தபின் நிகழ்வதில் அன்றோ இருக்கிறது? ஜப்பானில் 1949-இல் தோன்றிய கல்லூரி மகளிர் சங்கம், சொற்பொழிவுகளோடு நின்றுவிடவில்லை. அச்சோவியக் கண்காட்சிகளும் நடத்திப் பெண்களின் உயர்கல்விக்கு உதவித்தொகை வழங்கியது.

சிங்கப்பூரில் அதனினும் எளிய பந்தி ஒன்று இருந்தது. போர் ஓய்ந்த காலம் அது. அரிசி அரிதாயிருந்தது; விலையோ ஏழையின் கைக்கு எட்டவில்லை. 1946-இல் அமைந்த சமூக நலத்துறை, 1947 சனவரியில் ஹேவ்லாக் சாலையில் சிறார்க்கான உணவு நிலையம் ஒன்றைத் திறந்தது. பின்னர் நகரின் பிற பகுதிகளிலும் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. அவற்றில் தொண்டாற்ற மகளிர் பலர் ஊதியம் கருதாது முன்வந்தனர்.

விதிப்படி, பள்ளி வயதை எட்டாத இளஞ்சிறார்க்கே உணவு. அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்த அக்காளும் அண்ணனும் வாயிலில் நின்றனர். அவர்களுக்கும் பசிதான்! விதி வயதைக் கேட்டது. பரிமாறியவர்களோ முகத்தைக் கண்டனர். நாளடைவில், அம்மூத்த பிள்ளைகள் கூடிக் கற்பதற்கும் வழி பிறந்தது.

ஒரே இல்லத்திலிருந்து இத்தனை பிள்ளைகள் பசியோடு வருவதேன்? தாய்மாரிடம் பேசியபோது விடை கிடைத்தது. ஓய்வின்றி அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று அவர்கள் தளர்ந்திருந்தனர். அத்தொண்டர்களுள் ஒருவரான கான்ஸ்டன்ஸ் கோ அம்மையார், ஒத்த உள்ளத்தாருடன் இணைந்து 1949-இல் சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவினார். சமயத்தின் பெயரால் எதிர்ப்பும் எழாமலில்லை.

அத்தாய்மாரின் நிலையை அறியத் தேக்காவை அடுத்திருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை நினைத்தாற் போதும். மாட்டுத் தொழுவத்தின் பெயர் தாங்கிய அம்மனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அதே ஆண்டில் அரசு தனி வாரியம் அமைத்து, சங்கத்தின் பணியைத் தன் பொறுப்பில் ஏற்றது.

1972-இல் 'இரண்டே போதும்' என்று அரசு முழங்கியது. 1987-இல், வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்றது. நாட்டின் கணக்கு மாறும், மாறத்தான் வேண்டும். ஆனால், அம்மகளிர் தொடங்கியது கணக்கிலிருந்து அன்று. எதிரே நின்ற ஒரு தாயின் தளர்ச்சியிலிருந்தே தொடங்கினர். தாயை மறந்து எண்ணிக்கையை மட்டும் நோக்கினால், தொண்டு வெறும் நிருவாகமாகிவிடும்.

தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. அப்பாத்திரம் ஏந்திய மணிமேகலையோ பசி தீர்த்ததோடு அமையவில்லை, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள்.

சிராங்கூன் சாலைக் கோயில்களில் இன்றும் அன்னதானம் நிகழ்கிறது. இலையில் சோறிடுவது அறம். உண்பவர் யார், அவர் பசித்து வந்தது ஏன் என்று கனிவோடு கேட்பது அதனினும் பேரறம். சோறிட்ட கைக்குக் கேட்கும் செவி துணையாக வேண்டும்.