கயிறு என்று சொல்லக் கூடாத கப்பல்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் கயிறு என்றால் ‘கோர்த்’. பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பிரெஞ்சு மாலுமிகள் கப்பலில் அந்தச் சொல்லை உச்சரிக்க மாட்டார்களாம். அங்கே மணியடிக்கிற கயிறு ஒன்றுதான் ‘கோர்த்’. பாயை மேலே ஏற்றுகிற கயிறு ‘திரீஸ்’. பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது ‘எக்கூத்’. எழுபது வயதைத் தாண்டிய எனக்கு இதையெல்லாம் கற்றுக் கொடுத்தவன், பிரான்ஸில் நாந்த் நகரில் வசிக்கும் என் தங்கை பேரன்.

அவனுக்கு வயது பத்தொன்பது. கொரோனா காலத்தில் பாடமெல்லாம் கணினிக்குள் போனதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கப் பழகிவிட்டான். சாப்பாட்டுத் தட்டைக்கூட அறைக்கு எடுத்துப் போய்விடுவான். “பிள்ளை யாரோடும் பேசுறதில்லைண்ணே” என்று தங்கை போனில் அழுவாள். கடைசியில் அவன் அப்பா பணம் கட்டி, ‘பெலெம்’ என்ற பாய்மரக் கப்பலில் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார்.

அந்தக் கப்பலின் கதையே ஒரு நாவல் போல இருக்கும். 1896-ல் அதே நாந்த் நகரில் கட்டப்பட்டது. மூன்று பாய்மரம், 22 பாய்கள். பிரேசிலிலிருந்து கொக்கோ ஏற்றி வந்த சரக்குக் கப்பல் அது. 1902-ல் மார்த்தினிக் தீவின் சேன்-பியேர் துறைமுகத்துக்குப் போனபோது நிற்க இடம் கிடைக்காமல், தீவின் வேறொரு பக்கத்துக்குப் போய் நங்கூரம் போட்டது. மே 8-ம் தேதி பெலே எரிமலை வெடித்து அந்த ஊரையே அழித்தது. இடம் கிடைக்காததால் கப்பல் பிழைத்தது. பிறகு ஆங்கிலேயச் சீமான்களின் உல்லாசப் படகாக இருந்தது. அதன்பின் வெனிஸ் நகரில், மாலுமிகளின் அநாதைப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கப்பல். 1979-ல்தான் பிரான்ஸுக்குத் திரும்பியது. 2024-ல் ஒலிம்பிக் சுடரைக் கிரேக்கத்திலிருந்து மர்செய் துறைமுகத்துக்குக் கொண்டு வந்ததும் இதே கப்பல்தான். வந்து சேர்ந்த தேதியும் மே 8!

கப்பலில் மாலுமிகள் பதினாறு பேர். பயிற்சிக்கு வருகிறவர்கள் அதிகபட்சம் 48 பேர். ஏறுகிறபோது முன் அனுபவம் எதுவும் வேண்டியதில்லை. அவர்களை மூன்று அணியாகப் பிரிக்கிறார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு; இரவிலும் இதே கணக்குதான். சுக்கான் பிடிக்க வேண்டும், கடலைக் கண்காணிக்க வேண்டும், மேல்தளத்தைக் கழுவ வேண்டும். விருப்பமுள்ளவர்கள் இடுப்பில் பாதுகாப்பு வார் கட்டிக்கொண்டு பாய்மரத்தில் ஏறலாம்.

ஒவ்வொரு கயிற்றுக்கும் ஏன் தனிப்பெயர் என்று கேட்டேன். “ராத்திரி இருட்டுல ‘கயிறை அவிழு’ன்னு சொன்னா எதை அவிழ்ப்பீங்க தாத்தா? தப்பானதை விட்டா யார் தலையிலயாவது விழும்” என்றான். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், கட்டுவதற்கு ஒரே இடம். யார் கட்டினாலும் அங்கேதான் கட்ட வேண்டும், அடுத்த அணி வந்து இருட்டில் தடவினாலும் கைக்குக் கிடைக்க வேண்டும்.

நான் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் உத்தியோகத்தில் குறிப்பெழுதிக் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளினால் நம் பொறுப்பு தீர்ந்தது. அது யார் தலையில் விடிந்தது என்று தெரிவதற்குள் வருஷம் ஓடிவிடும். ‘கூடி வேலை செய்வது எப்படி’ என்று எங்களுக்கும் இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். டீ, பிஸ்கட், சொற்பொழிவு, முடிவில் ஒரு சான்றிதழ். சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சொற்பொழிவில் ஒரு வரிகூட நினைவில்லை.

பேரன் படித்தது வேறு மாதிரிப் பாடம். “எல்லாரும் ஒரே கயித்தைப் பிடிச்சு இழுக்கிறோம். நான் சும்மா பிடிச்சிட்டு நின்னா, பின்னாடி நிக்கிறவருக்குக் கை வலியிலேயே தெரிஞ்சுடும்” என்றான். இன்னொன்றும் சொன்னான்: “நான் தூங்கறப்போ யாரோ முழிச்சிருந்து கப்பலைப் பார்த்துக்கிட்டாங்க. நாலு மணிக்கு என்னை எழுப்பிவிட்டுட்டு அவங்க தூங்கினாங்க. என்னை நம்பித்தானே தூங்கினாங்க, தாத்தா?”

இந்தக் கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நம்மை நம்பி ஒருவர் கண் மூடுகிறார் என்பதைப் பத்தொன்பது வயதில் உணர்வது பெரிய விஷயம்.

ஐந்து நாளில் ஆள் தலைகீழாக மாறிவிட்டான் என்று சொன்னால் அது கதை. இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காருகிறானாம். எழுந்திருக்கும்போது எல்லார் தட்டையும் எடுத்துக் கழுவி வைக்கிறானாம். தங்கை இதைச் சொன்னபோதும் அழுதாள். இது வேறு அழுகை.

நம் நாட்டிலும் இந்தப் பயிற்சி உண்டு. கொச்சியில் நம் கடற்படையின் ‘தரங்கிணி’ இருக்கிறது. 1997-ல் படையில் சேர்ந்த மூன்று பாய்மரக் கப்பல். 2003-04-ல் உலகத்தையே சுற்றி வந்தது. எஞ்சினும் செயற்கைக்கோளும் இருக்கும் காலத்தில் எதற்குப் பாய் விரிக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று முன்பு நினைத்ததுண்டு. இப்போது கேட்டால், அந்தக் கப்பலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஒரு வாரம் இடம் தரக்கூடாதா என்றுதான் கேட்பேன்.