தோற்றவருக்கும் ஓர் ஆசனம்

தேர்தலில் தோற்றவரைச் சட்டமே கைபிடித்து அழைத்துச் சென்று நாடாளுமன்றத்தில் அமர்த்தும் ஏற்பாடு ஒன்று உண்டென்றால் பலர் வியப்படைவர். ஆப்பிரிக்க நாடுகளுள் ஒன்றாகிய மொரீஷியஸ் தீவில் அத்தகைய ஏற்பாடு உள்ளது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கைவினைஞராகவும், பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் கரும்புத் தோட்டங்களின் ஒப்பந்தக் கூலிகளாகவும் தமிழர் சென்று குடியேறிய நாடு அது. ஆதலின் அந்நாட்டுத் தேர்தலை அயலார் வீட்டுச் செய்தியாக என்னால் படிக்க இயலுவதில்லை.

பெருந்தீவில் 20 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் மூவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ரோட்ரிக்ஸ் தீவுக்கு இருவர். ஆக 62 பேரை மக்கள் நேரே அனுப்புகின்றனர். அதன்பின், தன் தொகைக்கு ஏற்ற இடங்களைப் பெறாத சமூகம் எதுவெனக் கணக்கிட்டு, அச்சமூகத்தைச் சேர்ந்து தோற்றவர்களுள் சிறப்பாக வாக்குப் பெற்றோருக்கு எட்டு இடங்கள் வரை வழங்கப்படுகின்றன. விடுதலைக்கு முந்திய ஆண்டாகிய 1967இல் நடைபெற்ற தேர்தலிலிருந்து இம்முறை வழக்கில் உள்ளது. ஆங்கிலேயர் அகன்றபின் பெரும்பான்மையோரின் கீழ் நசுங்கிவிடுவோமோ என்று அஞ்சிய சிறுபான்மையினருக்கு அது ஓர் ஆறுதலாக அமைந்தது.

அதன் பயனும் சிறிதன்று. 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் ஆண்டுகொண்டிருந்தவர்கள் பெருந்தீவின் 60 இடங்களில் ஒன்றைக்கூடப் பெறவில்லை. 2024இல் அவர்களுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்திருந்தும் வென்ற இடம் ஒன்றுமில்லை. எதிர்க்குரலே இல்லாத மன்றம் எவ்வளவு வெறுமையானது! அவ்வேளையில் தோற்றவருக்கு ஆசனம் அளிப்பதன் அருமை விளங்கும்.

ஆனால் அந்த ஆசனத்துக்கு ஒரு விலை உண்டு. வேட்பாளர் தாம் எச்சமூகத்தவர் என்று மனுவில் எழுத வேண்டும். இந்து, முஸ்லிம், சீனர் என மூன்று சமூகங்கள். தம் வாழ்க்கை முறையால் இவற்றுள் எதிலும் சேராதவர் அனைவரும் பொது மக்கள் என்னும் நான்காம் பிரிவினர். தமிழர் என்று தனிப் பிரிவு இல்லை. இந்துக்களுடன் சேர்த்தே எண்ணப்படுகின்றனர். கணக்கோ 1972ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு. அதன்பின் சமூகவாரியாக எண்ணப்படவே இல்லை. ஆக, அன்று பிறவாதவரின் பிரதிநிதித்துவத்தையும் அந்தப் பழைய ஏடே அளக்கிறது.

சமூகத்தைக் கூற மறுத்தவர்கள் வழக்காடினர். புதிய கணக்கின்றி அவ்வாறு கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று 2012இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கருத்துரைத்தது. 2014ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு மட்டும், கூறாதவரும் போட்டியிடலாம் என்று தற்காலிகச் சட்டம் இயற்றப்பட்டது.

இரு தரப்பாரையும் நான் குறைகூறத் துணியேன். வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் சிலராக வாழும் நமக்கு, எண்ணிக்கையில் கரைந்துபோகும் அச்சம் இன்னதென்று தெரியும். நம் பிள்ளைகள் சேரும் பள்ளியில் தமிழுக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென்றால், தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு தேவைப்படுகிறது. அதேசமயம், பிறந்தது முதல் அவ்வூர்ப் பேச்சிலேயே வளர்ந்த பிள்ளையிடம் ‘நீ எந்த ஊர்க்காரன்?’ என்று கேட்கும்போது அவன் முகம் வாடுவதையும் காண்கிறோம்.

தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான குழு 2002இல் ஒரு வழி காட்டியது. கட்சிகள் பெற்ற வாக்கின் விகிதத்துக்கு ஏற்பக் கூடுதல் இடங்கள் அளிக்கலாம் என்பது அதன் பரிந்துரை. எனக்கு அதுவே தக்கதாகத் தோன்றுகிறது. சிறியவர்க்குரிய இடம் எந்நாளும் காக்கப்பட வேண்டும். ஆனால் அந்த இடத்தில் அமர்வதற்காக ஒரு மனிதன் தன்னை ஒரே சொல்லில் அடக்கிக் காட்ட வேண்டிய நிலை நீங்குதல் நன்று.