மணி இல்லை!

ஐரோப்பா விசாவுக்காக என்னிடம் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். வருமான வரிக் கணக்கு கேட்டார்கள். முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், எந்த ராத்திரி எந்த ஊரில் தூங்குவேன் என்று ஓர் அட்டவணை, சிரிக்காமல் எடுத்த போட்டோ இரண்டு... எல்லாம் கேட்டார்கள். கொடுத்தேன். 'நம்மைவிட இவ்வளவு காகிதம் சேர்த்தவன் எவனும் இருக்க முடியாது' என்று ஒரு கர்வமே வந்துவிட்டது.

லண்டனில் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கியதும் அந்த கர்வம் போச்சு. சாப்பாட்டு மேஜை மேல் இருந்த ஒரு ஃபைல் என் ஃபைலைவிடத் தடி.

"அத்தானுதா?" என்றேன்.

"இல்லடா, மணியோடது" என்றாள் அக்கா.

மணி என்பது அக்கா வீட்டு நாய். அக்கா மகள் வைத்த பெயர் மஃபின். சர்டிஃபிகேட்டிலும் அதுதான். ஆனால் அத்தான் மன்னார்குடிக்காரர். நாய் என்றால் அவருக்கு மணிதான். அதுவும் இரண்டு பெயருக்கும் வாலை ஆட்டும். மூன்றாவதாக யாராவது 'சுப்பிரமணியம்' என்று கூப்பிட்டால் அதற்கும் ஆட்டும் என்று நினைக்கிறேன்.

2023 மே மாதக் கடைசி. பள்ளிக்கூட லீவுக்கு எல்லோரும் பாரிஸ் டிஸ்னிலாண்டு போவதாகத் திட்டம். எல்லோரும் என்றால் அக்கா, அத்தான், பதினோரு வயது வாண்டு, நான்... மற்றும் மணி.

எனக்கும் நாய்க்கும் ஆகாது சார். தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிற ஜாதி நான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"இதை ஏன் இழுத்துட்டுப் போகணும்? பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போகலாமே?" என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

வாண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பாட்டியை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொன்னவனைப் பார்க்கிற பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

* * *

ஃபைல் ஏன் தடி என்று அத்தான் விளக்கினார். பிரிட்டனுக்குள்ளேயே ஒரு நாயைக் கடித்து இன்னொரு நாய்க்கு ரேபிஸ் பரவிய கதை 1922-ஓடு முடிந்துவிட்டதாம். அதைக் கட்டிக் காப்பதற்காக, வெளியிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு மாதம்! 2000-ல்தான் அதைத் தளர்த்தி, 'அடைப்பு வேண்டாம், காகிதம் போதும்' என்று ஆக்கினார்கள். அதன் பிறகு நாய்க்குத் தனி பாஸ்போர்ட்டே இருந்தது. ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலகியதும், 2021 ஜனவரியிலிருந்து அந்த பாஸ்போர்ட்டும் செல்லாமல் போச்சு. ஒவ்வொரு தடவையும் புது சர்டிஃபிகேட்.

அதற்கு முதலில் நாயின் தோலுக்கடியில் அரிசி சைஸில் ஒரு மைக்ரோசிப். அதன் பிறகு ரேபிஸ் ஊசி. ஊசி போட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு, கிளம்புவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் சர்டிஃபிகேட். நூறு பவுண்டுக்கு மேல் ஃபீஸ். இங்கிலீஷிலும் பிரெஞ்சிலுமாகப் பக்கம் பக்கமாக அச்சடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை.

கடைசியாக ஒன்று. திரும்பி வரும்போது நாடாப்புழு மாத்திரை. பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் டாக்டர் கையால் கொடுக்கப்பட்டு, தேதியும் நேரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐந்து நாளுக்குள் திரும்புகிறவர்கள் கிளம்பும் முன்பே கொடுத்துவிடலாம். மணிக்குப் புதன் காலை பத்துக்குக் கொடுத்தாயிற்று. ஞாயிறு மாலை திரும்புகிறோம். கணக்கு சரி.

பி.காம். படித்த எனக்கே தலை சுற்றியது. ஆனால் ஒன்று, நாயிடம் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கவில்லை!

வியாழன் விடிகாலை கிளம்பினோம். பாரிஸ் போகிற யூரோஸ்டார் ரயிலில் உதவி நாய் தவிர மற்ற நாய்க்கு இடமில்லை என்பதால் காரிலேயே பயணம். ஃபோக்ஸ்டோனில் காரை அப்படியே ரயிலுக்குள் ஓட்டி நிறுத்திவிட்டால், கடலுக்கு அடியில் முப்பத்தைந்து நிமிஷம். அந்தப் பக்கம் கலே. இறங்கவே வேண்டாம். நாயும் காரிலேயே இருக்கலாம். அதாவது பின் சீட்டில், எனக்கும் வாண்டுக்கும் நடுவில். முப்பத்தைந்து நிமிஷமும் அது என் காதில் மூச்சு விட்டது.

"மாமா, ஹீ இஸ் ஜஸ்ட் சேயிங் ஹலோ!"

நான் கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு சாப்பாட்டுப் பிரச்னை. பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் கலந்த எதையும் அங்கே கொண்டுபோகக்கூடாது. எனவே மணியின் இறைச்சி பிஸ்கட் அவுட். அதே சட்டத்தில் அக்கா கட்டி வைத்த தயிர் சாதமும் அவுட்! நாயும் நானும் ஒரே செக்‌ஷனில் மாட்டியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. புளியோதரை பிழைத்தது.

* * *

டிஸ்னிலாண்டு பாரிஸுக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. 1992 ஏப்ரல் 12-ல் திறந்தது. பார்க்குக்குள்ளும் அவர்களுடைய ஓட்டல்களிலும், கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டுவது போன்ற உதவி நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி. மற்ற பிராணிகளைக் கட்டணம் கட்டி ஒப்படைத்துவிட்டுப் போகத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். வாண்டு அதற்கு ஒப்பவில்லை. நாய்க்கு அனுமதி உள்ள ஒரு கிராமத்து வீட்டை அத்தான் வாடகைக்குப் பிடித்திருந்தார். ஒரு நாள் ஒருத்தர் நாயோடு இருப்பது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அக்கா முறை. நான் உள்ளே போனேன். ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ப்ளூட்டோ என்று ஒரு கார்ட்டூன் நாய். அந்த வேஷம் போட்டவர் வந்து நின்றதும், அதைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொள்ள நீள க்யூ. நானும் நின்றேன். நிஜ நாயை வீட்டில் பூட்டிவிட்டு, வேஷம் போட்ட நாயிடம் பல்லிளித்தேன். வாலை ஆட்டாத நாய் என்பதால் தைரியமாகவே கைகொடுத்தேன்.

சனிக்கிழமை என் முறை!

கார் கிளம்பிப் போனதும் மணி கதவைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. நான் சோபா மேல் காலை மடக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு அது எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் படுத்தது. அவ்வளவுதான். கடிக்கவில்லை. குரைக்கவில்லை. பெருமூச்சு விட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, அதனிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

1995. எனக்கு எட்டு வயது. எங்கள் தெருமுனையில் ஒரு சாயங்காலம் செவலை நாய் ஒன்று ஓடி வந்து என் கெண்டைக்காலைக் கவ்விற்று. என்னோடு கோலி விளையாடிக்கொண்டிருந்தவன் சைக்கிள் கடைக்காரர் மகன். அவன் கையிலும் பல் பட்டது. அப்பா என்னை சோப்புப் போட்டுக் கழுவி, அன்று ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாள், பதினாலு ஊசி. (இப்போது அந்த ஊசி நம் நாட்டில் இல்லை. கையில் நாலைந்து ஊசியோடு சரி.) பாரிஸில் 1885 ஜூலை 6-ம் தேதி லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒன்பது வயதுப் பையன் ஜோசஃப் மெய்ஸ்டருக்கு இந்த வைத்தியத்தை ஆரம்பித்தாரே, அவனுக்குப் பதிமூன்று ஊசிதான். அவனை நான் ஒரு ஊசியில் ஜெயித்தவன்!

சைக்கிள் கடைக்காரர், மகனைக் கூட்டிப் போகவில்லை. சுண்ணாம்பு தடவி மந்திரித்துக் கயிறு கட்டினார். ரெண்டு நாள் கழித்து சுகாதார இன்ஸ்பெக்டர் நோட்டோடு வந்து, யார் யாரை நாய் கடித்தது என்று கேட்டார். "கடி இல்ல சார், கீறல்தான்" என்றார். கடையை மூடிவிட்டுப் பதினாலு நாள் அலைய முடியாத கஷ்டம் அவருக்கு. இன்ஸ்பெக்டரும் 'கடி இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஐம்பது நாள் போல ஆகியிருக்கும். அவன் தாகம் என்றானாம். டம்ளரை நீட்டினால் அலறினானாம். மூன்றாம் நாள் போய்விட்டான். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே 'கடி இல்லை' என்றேதான் இருந்தது.

சொல்லி முடித்தபோது மணி தூங்கிவிட்டிருந்தது. அதன் தலை என் கால் மேல் இருந்தது. எப்போது வைத்தது என்று தெரியவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

* * *

ஞாயிறு மத்தியானம். கலேக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். அத்தான் காபி வாங்கப் போயிருந்தார். சும்மா இருந்த கையால் மணியின் ஃபைலைப் புரட்டினேன். வவுச்சர் சரிபார்த்த புத்தி போகுமா?

"அத்தான், மாத்திரை குடுத்த இடத்துல தேதி இருக்கு. மணி இல்லை."

"இதோ பின்னாடி உக்காந்திருக்கானே!"

"அந்த மணி இல்ல அத்தான். டைம்!"

அத்தான் முகம் மாறியது. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, நேரம் எழுத வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. டாக்டருக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை. பதிவு செய்த குரல்தான் பேசியது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "உன் கையெழுத்துதான் அழகா இருக்கும். பத்துன்னு போட்டுடு."

"அத்தான்..."

"பொய்யா எழுதச் சொல்றேன்? பத்து மணிக்குத்தானே குடுத்தாங்க? நான் கூடவே நின்னேனே! நாளைக்கு எனக்கு ஆபீஸ், இவளுக்கு ஸ்கூல், உனக்கு ராத்திரி ஃபிளைட். ஒரே ஒரு நம்பர்டா!"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பேனாவை வாங்கிவிட்டேன். மூடியைக் கூடத் திறந்துவிட்டேன்.

நாடாப்புழு வேறு, ரேபிஸ் வேறு, தெரியும். நரிக்கும் நாய்க்கும் வரும் ஒரு ஜாதிப் புழு அது. நாய்க்கு ஒன்றும் செய்யாது, மனுஷனுக்கு வந்தால் ஈரலைத் தின்னும். பிரிட்டனில் அது இல்லை. இல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டம். மணி மாத்திரை சாப்பிட்டிருக்கிறது. யாருக்கும் ஆபத்தில்லை. எல்லாம் சரி. ஆனால் கண்ணுக்கு முன்னால் அந்த இன்ஸ்பெக்டரின் நோட்டு வந்து நின்றது. கை வரவில்லை.

"அந்தக் கட்டத்தை டாக்டர்தான் எழுதணும் அத்தான். அடுத்தவங்க எழுதலாம்னா அப்புறம் அந்தக் காகிதம் எதுக்கு?"

சைக்கிள் கடைக்காரர் மகன் கதையை அக்காவுக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரியாது. சொன்னேன். பின் சீட்டில் வாண்டு மணியின் காதைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அத்தான் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்தார். பேனாவை வாங்கிப் பைக்குள் செருகினார்.

"ஓட்டல் செலவுல பாதி உன்னுது" என்றார்.

கலேயில் பிராணிகளுக்கான சோதனை இடத்தில் ஒரு ஸ்கேனரைக் கொடுத்து நம்மையே சிப்பைத் தேடச் சொன்னார்கள். 'பீப்' என்றது. நம்பர் சரி. ரேபிஸ் சரி. அந்தப் பெண்மணி கடைசிப் பக்கத்துக்கு வந்து வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தார். மரியாதையாகத்தான் சொன்னார். இங்கே ஒரு டாக்டரிடம் மறுபடி மாத்திரை, அதன் பிறகு 24 மணி நேரம்.

திங்கள் காலை கலேயில் ஒரு டாக்டர் மாத்திரையை மணியின் வாயில் போட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, 9.40 என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அத்தான் அதை மூன்று தடவை படித்துப் பார்த்தார். என் விமான டிக்கெட்டை மாற்றியதில் ஒரு மாதக் கட்டுரைக் கூலி காலி.

மிச்சமிருந்த பகலைக் கடற்கரையில் கழித்தோம். பந்தை நான்தான் எறிந்தேன். மணி நூறு தடவையாவது கொண்டுவந்து கொடுத்திருக்கும். "மாமா, உனக்கு நாய்னா பயமாச்சே?" என்றது வாண்டு. "இன்னிக்கு லீவு" என்றேன். அத்தான் முந்தின நாளிலிருந்து என்னோடு சரியாகப் பேசாதவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து புளியோதரை டப்பாவை நீட்டினார்.

உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நம் நாட்டில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லண்டன் நாயின் ஃபைலைப் பார்த்துச் சிரித்தவன்தான் நானும். இப்போது சிரிப்பதில்லை. சென்னை வந்ததும் எங்கள் தெருவில் கார்ப்பரேஷன் ஊசி வண்டி எப்போது வரும் என்று விசாரிக்கிற முதல் ஆள் நானாகிவிட்டேன்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். "டேய், நீ இங்க விட்டுட்டுப் போன செருப்பை மணி கடிச்சுக் குதறிட்டான்டா!"

"பரவாயில்லக்கா. எத்தனை மணிக்குன்னு எழுதி வச்சியா?"