ஒட்டின கை

8 ஜூன் 2023, வியாழன்

சோளகம் இன்னும் ஓயவில்லை. முகத்துவாரத்தில் களனி கங்கை கடலோடு முட்டும் இடம் காலையிலிருந்தே செம்மண் நிறம். எப்படியும் படகு இறங்காது, டீசல் டாங்கியையாவது பார்ப்போம் என்று மச்சானோடு பட்டறைக்குப் போனேன். போன மாதம் மட்டும் மூன்று ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. கழற்றினால் தேயிலைச் சாயம் மாதிரித் துருத்தண்ணீர். போதாததற்குப் படகின் அடியில் தேங்கின தண்ணீரில் எண்ணெய் வானவில்.

டாங்கி பின்தட்டுக்குக் கீழே. அதை மூடியிருப்பது 4 அடிக்கு 3 அடிப் பலகை, மேலே ஃபைபர் பூசியது. ஒரு ஸ்க்ரூ கிடையாது, சுற்றிவர ஒட்டு. பட்டறைப் பாஸ் குந்தியிருந்து தடவிப் பார்த்தார். "எந்த மடையன் இப்பிடி ஒட்டினது?"

மச்சான் என்னைப் பார்த்தான். 2009இல் தட்டால் தண்ணீர் இறங்குகிறதென்று இரண்டு வரிசை ஒட்டுப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்றது நான்தான். வாயைத் திறக்கவில்லை.

9 ஜூன், வெள்ளி

கைப்பம்பால் டீசலை இறைத்தோம். ஏழு கேன். போன வருஷம் இதே நாட்களில் ஒரு கேனுக்காக இரவெல்லாம் வரிசையில் கிடந்தவனுக்கு, அழுக்கென்று கழித்துவிட மனம் வருமா? கேன்களை ஆடாமல் அசையாமல் வைத்திருக்கிறோம். தண்ணீர் அடியில் தங்கினதும் மேலே நிற்பதை வடித்தெடுக்கலாம்.

கிரைண்டரை எடுத்தேன். பாஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். டீசல் பெற்றோல் மாதிரிச் சட்டென்று பற்றாதுதான். ஆனாலும் வெறும் டாங்கிக்குள் நிற்பது ஆவி, ஒரு பொறியை நம்பிக் கொடுக்க முடியாது என்றார். பிறகு ஒரு குற்றிக்காசை எடுத்துப் பலகையின் ஓரமெல்லாம் தட்டிக்கொண்டே போனார். ஒட்டுப் பிடித்த இடத்தில் இறுகின சத்தம், பிடிக்காத இடத்தில் பொள்ளல். சோக்கால் கோடு போட்டு முடித்தபோது மூன்று பக்கமும் இறுக்கம். இரண்டு வரிசையின் பலன்.

10 ஜூன், சனி

தூண்டிலுக்குக் கட்டுகிற உருக்குக் கம்பிதான் இன்றைக்கு வாள். ஹெக்சோ பிளேட்டால் ஒரு மூலையைக் கிழித்து, கம்பியை உள்ளே விட்டு, இரண்டு நுனியிலும் மரக்கட்டை கட்டி, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். நான் வேகமாக இழுக்கும்போதெல்லாம் "ஹெமின், ஹெமின்" என்பார், மெல்ல என்று. கேட்காமல் மூன்று கம்பியை அறுத்தேன். மத்தியானத்துக்குள் ஒன்றரை அடி.

இந்த ஒட்டு காய்ந்தாலும் றப்பர்தான். வெடுக்கென்று இழுத்தால் இறுக்கிப் பிடிக்கும், விடாமல் மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தால் தளரும். அதனால் அறுத்த வாயில் மர ஆப்புகளை அடித்து, மேலே தறப்பாள் கட்டி, அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இரவு மழை. ஆப்பு தன் வேலையைச் செய்யட்டும்.

12 ஜூன், திங்கள்

ஆப்பு இரண்டு தானாகவே கழன்று கிடந்தது. விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. மிச்ச ஒட்டையும் அறுத்து, நாலு பேர் பிடித்துத் தூக்கினோம். ஒரு மூலையில் ஃபைபர் உரிந்து வந்ததைத் தவிர சேதமில்லை.

டாங்கியின் மேற்பக்கம் பெயின்ட் கூடப் போகாமல் பளிச்சென்று இருந்தது. புரட்டினால் அடித்தகடு அப்பளம். கீழே வைத்த பலகை ஊறிப்போய், பிழிந்தால் தண்ணீர் வரும். ஐஸ் அறையிலிருந்து கசிந்தது அங்கே தேங்கியிருக்கிறது, காற்றுப் போக என் ஒட்டு இடம் வைக்கவில்லை.

சட்டத்துக்கும் டாங்கிக்கும் நடுவே சவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணி. ஒரு கைப்பிடி இருக்கும். மச்சான் மணந்து பார்த்தான். மணக்க என்ன இருக்கிறது, அந்தக் கப்பல்தான். 2021 மே 20இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் பற்றியெரிந்து, ஜூன் 2இல் தாழ்ந்தது. அதில் ஏற்றியிருந்தது ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் குருணி. கடலுக்குப் போக விடாமல் நிறுத்திவைத்த அந்த நாட்களுக்குப் பிறகு வலையோடு ஏறி, கழுவின தண்ணீரோடு இறங்கி, இரண்டு வருஷமாக எங்களோடு கடலுக்குப் போய் வந்திருக்கிறது. ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்தேன்.

13 ஜூன், செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். பட்டறையில் ஈ காக்கை இல்லை. கொட்டாஞ்சேனையில் நடக்கவே இடமில்லை.

21 ஜூன், புதன்

புது டாங்கி வந்தது. 5 மில்லிமீற்றர் அலுமினியம். வாய்களை அடைத்து, 3 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, வெல்டிங் ஓரமெல்லாம் சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். பின்மூலையில் கடுகளவு குமிழி, ஊதி ஊதி உடைந்தது. திருப்பி அனுப்பினோம். கடலில் தெரியவேண்டியது கரையில் தெரிந்தது.

24 ஜூன், சனி

திரும்பி வந்த டாங்கியில் குமிழி இல்லை. அடியில் ஊறின பலகைக்குப் பதில் நாலு றப்பர்ப் பட்டி. நடுவே காற்றும் தண்ணீரும் போகும். உரிந்த மூலையை ஆழமாகத் தேய்த்து, பாஸ் யோகட் கோப்பையில் றெசின் கலக்கி ஃபைபர் மாற் ஒட்டினார். ஹார்ட்னரை மட்டும் துளி எண்ணி விட்டார்.

பலகையை எப்படி மூடுவது என்பதில் சண்டை. மச்சானுக்கு ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்குமாம். இறங்கினால் திறந்து துடைப்போம் என்றேன். றப்பர் கேஸ்கட்டும் 36 எவர்சில்வர் ஸ்க்ரூவும் என்று முடிவானது.

இருபதாவது ஸ்க்ரூவில் பாஸ் முதுகை நிமிர்த்தினார். "அந்த மடையன் ஆருன்னு கடைசியிலயும் சொல்லல்லயே?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூட்ரைவரை என் கையில் வைத்தார். "அப்ப மிச்சம் பதினாறும் நீங்களே முறுக்குங்க, முதலாளி."