துறையில் வேண்டும் ஒரு பலகை

நடக்க இயலாத முதியவரை வீட்டிலே இருத்திவிட்டு நயினாதீவுக்குப் போய்வருவது பல குடும்பங்களின் வழக்கம். நாமோ ஆனி உற்சவத்துக்கு அம்மாவையும் அழைத்துச் செல்லத் தீர்மானித்து, மின்கலத்தில் ஓடும் சிறு ஸ்கூட்டர் ஒன்றை வாடகைக்குப் பெற்றோம். காரில் ஏற்றுமுன் மின்கலத்தைக் கழற்றிவிடுவது நன்று. ஈய மின்கலமாயின் பாரம் வெகுவாகக் குறையும். வண்டி தற்செயலாக இயங்கும் அபாயமும் நீங்கும். இருக்கையை வேறாகவும் உடற்பகுதியை வேறாகவும் அடுக்கினோம்.

பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் வரை கார் சுகமாக ஓடிற்று. அப்பால் கடல். எந்தத் துறையிலும் கரைக்கும் அலையில் ஏறியிறங்கும் படகுக்கும் இடையே ஓரடி இடைவெளி உண்டு. நடக்க இயலாதவருக்கு அதுவே பெருங்கடல். இளைஞர் நால்வர் அன்போடு தூக்கி ஏற்றினர். "நான் என்ன மூட்டையோ, தம்பி?" என்றார் அம்மா, மெல்ல.

நயினாதீவில் இறங்கியதும் வண்டியைப் பூட்டிக் கொடுத்தோம். நாகபூஷணி அம்மன் கோபுர வாசல் வரை தாமே செலுத்திச் சென்றார். அந்த முகமலர்ச்சியை நாம் நெடுநாள் கண்டதில்லை.

இலங்கையில் உடல் வலுக்குறைந்தோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. பொது இடங்களை அவர்கள் எளிதில் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. துறைதோறும் கைபிடியுள்ள அகன்ற பலகை ஒன்று இருப்பின் போதும். தூக்கிவிடுவது கருணை, தாமே செல்ல வழிசெய்வது மரியாதை. முதுமைக்கு இரண்டும் வேண்டும்.