சுவர் விளம்பரம், ரூ. 55,000

2024 மார்ச் 14ஆம் தேதி ராத்திரி, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரன் செல்போனில் ஒரு பட்டியலை இறக்கிக் கையில் கொடுத்தான். தேர்தல் பத்திரம் வாங்கிய கம்பெனிகளின் பட்டியல். ஸ்டேட் பாங்க் கொடுத்ததைத் தேர்தல் ஆணையம் அன்றைக்குத்தான் வெளியிட்டிருந்தது. நம் ஆரணியில் அப்போது பேச்செல்லாம் யாருக்கு சீட் என்பதுதான். அடுத்த மாதம் 19ஆம் தேதி ஓட்டும் போட்டு முடித்தோம்.

முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதின கை. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடும். இதில் இரண்டும் தனித்தனியாக இருந்தன. ஒரு பட்டியலில் தேதி, கம்பெனி பெயர், தொகை. இன்னொன்றில் தேதி, கட்சி பெயர், தொகை. இந்தக் கம்பெனியின் பணம் அந்தக் கட்சிக்குத்தான் போனது என்று காட்டுகிற எண் மட்டும் இரண்டிலும் இல்லை. அப்படி ஒரு பேரேட்டை நான் முதலாளியிடம் கொண்டு போயிருந்தால் தூக்கி மூஞ்சியிலேயே எறிந்திருப்பார். உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. திரும்பக் கேட்டு வாங்கியது. ஒரு வாரம் கழித்து, 21ஆம் தேதி, எண்களும் வந்தன.

இந்த எண்ணுக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. தேர்தல் பத்திரத்தில் எண்ணே தெரியாது, கொடுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது என்றுதான் ஆரம்பத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2018இல் ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தார். புற ஊதா விளக்கில் எண் பளிச்சென்று தெரிந்தது. வெறும் கண்ணுக்குத்தான் தெரியாது!

பட்டியலில் முதல் இடம் நம் கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனிக்கு. பியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். கம்பெனி காட்டிய லாபத்தைவிடப் பல மடங்கு என்று பத்திரிகைகள் எழுதின. தி.மு.க.வுக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரு கம்பெனி கொடுத்தது. இது பாங்க் எண் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தி.மு.க. தானே பெயர் எழுதித் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்திருந்தது. அ.தி.மு.க.வும் தன் ஆறு கோடிச் சொச்சத்துக்குப் பெயர் கொடுத்திருந்தது. அதில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ். ஆறாயிரம் கோடிக்கு மேல் வாங்கி முதல் இடத்தில் இருந்த பா.ஜ.க. பெயர் சொல்லவில்லை. சட்டம் கேட்கவில்லையே என்றது. பீகாரின் ஐக்கிய ஜனதா தளம் சொன்னதுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. 2019இல் பாட்னா ஆபீசில் யாரோ ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பிரித்துப் பார்த்தால் ஒரு கோடி, ஒரு கோடியாகப் பத்துப் பத்திரங்களாம்.

பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு கவர் கொடுத்தவன்.

நான் வேலை பார்த்தது இங்கே ஒரு பட்டு வியாபாரக் கம்பெனியில். பெயர் வேண்டாம். குடும்பக் கம்பெனிதான், ஆனால் பிரைவேட் லிமிடெட். மூத்தவர் தவறிய பிறகு அவருடைய கால் பங்கும் டைரக்டர் பொறுப்பும் அவர் மனைவிக்கு வந்தன. அம்மா கொசப்பாளையத்தில் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை நான்தான் ஐந்தொகையை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி வருவேன். காபி கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார்கள்.

1996இல் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல் வந்தது. முதலாளி ஒரு கட்சிக்கு நாற்பதாயிரம் கொடுத்தார். அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்குப் பதினைந்தாயிரம். "யார் வந்தாலும் நம்ம கடைக்கு வருவாங்க கணக்குப்பிள்ளை" என்றார். இரண்டையும் கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். ரசீது யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து, சுவர் விளம்பரம், பெயின்டர் கூலி என்று நாலைந்து வவுச்சராகப் பிரித்து எழுதினேன். மொத்தம் 55,000.

அப்போதைய சட்டம் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கம்பெனிகள் கட்சிக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று 1969இல் இந்திரா காந்தி காலத்தில் அடியோடு தடை போட்டார்கள். அதன் பிறகுதான் பெட்டி பெட்டியாகக் கறுப்புப் பணம் புழங்க ஆரம்பித்தது என்பார்கள். 1985இல் ராஜீவ் காந்தி காலத்தில் தடையை எடுத்துவிட்டு நிபந்தனை போட்டார்கள். முந்தின மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் ஐந்து சதவீதம் வரை கொடுக்கலாம். போர்டு கூடித் தீர்மானம் போட வேண்டும். லாப நட்டக் கணக்கில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று பெயரோடு காட்ட வேண்டும். மீறினால் கம்பெனிக்கு மூன்று மடங்கு வரை அபராதம், பொறுப்பானவருக்கு மூன்று வருஷம் வரை சிறை.

எங்கள் சராசரி லாபம் நாலு லட்சம். ஐந்து சதவீதம் இருபதாயிரம். அதற்கு மேல் கொடுத்ததை எப்படிக் காட்டுவது? சரி, இருபதாயிரத்தோடு நிறுத்தியிருந்தால் காட்டியிருப்போமா? மாட்டோம். ஒரு கட்சியின் பெயர் ஏட்டில் இருந்தால் மற்றக் கட்சிக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்பது முதலாளியின் பயம். தீர்மானம் என்று வந்தால் கொசப்பாளையம் அம்மாவும் உட்கார வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பயம். அம்மாவின் வீட்டுக்காரர் காமராஜர் காலத்துக் காங்கிரஸ்காரர். கட்சிக்காக உழைத்தாரே தவிர, கடைப் பணத்தில் காலணா எடுத்ததில்லை.

அந்த வருஷம் ஐந்தொகையைப் படித்துக்கொண்டே வந்தவர்கள் விளம்பரச் செலவில் விரலை வைத்து நிறுத்தினார்கள். "என்ன தம்பி, விளம்பரம் இவ்வளவா? கடை போர்டுகூட பழசாத்தானே கெடக்கு?"

"செய்யாறு, போளூர் ரோட்டில எல்லாம் சுவர் விளம்பரம்மா" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அதே கம்பெனியில் நெசவாளிக்கு எப்படிக் கணக்கு வைத்திருந்தேன் என்று சொன்னால் இது இன்னும் உறைக்கும். பாவுக்கு எத்தனை கிராம் பட்டு, ஊடைக்கு எத்தனை, ஜரிகை எத்தனை மார்க் என்று நோட்டில் எழுதித்தான் கொடுப்போம். சேலை வந்ததும் தராசில் வைப்போம். பத்து கிராம் குறைந்தால் கூலியில் பிடிப்போம். தறியில் உட்கார்ந்தவனிடம் பத்து கிராமுக்குப் பதில் கேட்ட அதே பேனாவால்தான் 55,000 ரூபாயைச் சுவரில் பூசினேன்.

எல்லா முதலாளிகளும் இப்படித்தான் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரிட்டயர் ஆன பிறகு படித்த ஒரு விஷயம் அதைக் கெடுத்துவிட்டது. நம் ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். டாடா கம்பெனிகள் அதுவரை காங்கிரசுக்கு நன்கொடை கொடுத்து வந்தவை. 1961 ஆகஸ்டில் ஜே.ஆர்.டி. டாடா நேருவுக்கே கடிதம் எழுதினார். காங்கிரசுக்குத் தொடர்ந்து கொடுப்போம், ஆனால் நாட்டுக்கு ஒரு பொறுப்பான எதிர்க்கட்சி வேண்டும், ஆகையால் சுதந்திராக் கட்சிக்கும் கொடுக்கப் போகிறோம் என்று. நேரு, அது உங்கள் விருப்பம், ஆனால் அந்தக் கட்சி பலமான எதிர்க்கட்சியாக வரும் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு என்கிற மாதிரி பதில் போட்டார். 1962 தேர்தலில் சுதந்திராக் கட்சிக்குப் பதினெட்டு எம்.பி.க்கள் கிடைத்தார்கள். அது கிடக்கட்டும். எங்கள் முதலாளியும் இரண்டு பக்கமும் கொடுத்தார், டாடாவும் இரண்டு பக்கமும் கொடுத்தார். ஒருவர் பிரதமருக்கே கடிதம் எழுதினார். இன்னொருவர் என்னிடம் கவர் கொடுத்து அனுப்பினார்.

டாடாவையும் எல்லாரும் அப்படியே விட்டுவிடவில்லை. கட்சிக்குப் பணம் கொடுக்க வசதியாக டாடா ஸ்டீல் தன் விதிமுறையைத் திருத்தியபோது பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். 1957இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சாக்ளா, சட்டப்படி தடுக்க முடியாது என்று அனுமதித்தார். அனுமதித்துவிட்டு, கம்பெனிப் பணம் கட்சிக்குள் வருவது ஜனநாயகத்தின் குரல்வளையையே ஒரு நாள் நெரித்துவிடும் என்று எச்சரித்தார்.

அப்புறம் 2013இல் புதிய கம்பெனிச் சட்டம் ஐந்து சதவீதத்தை ஏழரை ஆக்கியது. பெயர் காட்ட வேண்டும் என்பது மாறவில்லை. 2017 பட்ஜெட்டோடு வந்த திருத்தம்தான் வேலையைக் காட்டியது. உச்சவரம்பு போயிற்று. நட்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கட்சியின் பெயர் வேண்டாம், மொத்தத் தொகையைக் காட்டினால் போதும். நான் 1996இல் திருட்டுத்தனமாகச் செய்ததைச் சட்டமே செய்யச் சொன்ன மாதிரி இருந்தது. ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்ற ஒரு விதியையும் சேர்த்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது நல்ல விதி.

கொடுப்பவரின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மற்றக் கட்சிக்காரன் பழிவாங்குவான் என்று அரசாங்கம் கோர்ட்டில் வாதாடியது. எங்கள் முதலாளி சொன்ன அதே காரணம். ஆனால் யாருக்கு ரகசியம்? கொடுத்தவனுக்குத் தெரியும். வாங்கியவன் நினைத்தால் தெரிந்துகொள்ள எத்தனையோ வழி. பாங்கில் எல்லா விவரமும் இருக்கிறது, அதுவோ அரசு பாங்க். தெரியாதது ஓட்டுப் போடுகிறவனுக்கும் பங்கு வைத்திருக்கிறவனுக்கும்தான். 2024 பிப்ரவரி 15ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தேர்தல் பத்திரத்தையும், 2017இல் கம்பெனிச் சட்டத்தில் செய்த அந்த மாற்றங்களையும் ரத்து செய்தார்கள். பழையபடி ஏழரை சதவீதமும் கட்சி பெயரும் திரும்பி வந்தன.

ஓட்டை எல்லாம் அடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தேர்தல் அறக்கட்டளை என்று ஒன்று 2013இலிருந்து இருக்கிறது. கம்பெனிகள் அதில் பணம் போடும், அது கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். யார் போட்டார்கள், யாருக்குப் போனது என்று வருஷா வருஷம் கணக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் பல கம்பெனிப் பணம் ஒரே தொட்டியில் விழுகிறபோது எந்தச் சாயம் எந்த நூலில் ஏறியது என்று எப்படிச் சொல்வது?

எண்கள் வெளிவந்த அந்த வாரமே கொசப்பாளையம் போனேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கம்பெனியைப் பாகம் பிரித்தே பல வருஷம் ஆகிறது, முதலாளியும் இல்லை. காபி வந்தது. டி.வி.யில் தேர்தல் பத்திரச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "1996இல சுவர் விளம்பரம்னு ஒரு செலவு எழுதினேனே, ஞாபகம் இருக்காம்மா?" என்றேன்.

"இருக்கு. போளூர் ரோடு."

சொன்னேன். இரண்டு கட்சிகளின் பெயரையும் சொன்னேன். "ரெண்டு பேருக்குமா?" என்று சிரித்தார்கள். அப்புறம், "என் பங்கு எவ்வளவு வரும் அதுல?" என்று கேட்டார்கள்.

"பதின்மூவாயிரத்து எழுநூத்தம்பது."

டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்கள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், தம்பி. அதனாலதானே சொல்லல?"

"ஆமாம்மா" என்றேன்.