இலையோரத்து மல்லாட்டை

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது. சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, ஓடாமல் அங்கேயே காவல் நின்ற நாய் அது.

சுமார் 1400 வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள், அந்த ஊர் அப்புறம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் எனக்கு மனசில் தங்குவதில்லை. அந்த நாய் கடித்ததும் நின்றதும் தங்கிவிட்டது. அந்தக் கல்லில் எழுதச் சொன்னவர் யாரோ, அவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாயின் நன்றியைப் பற்றி நாலு வரி புகழ்ந்து எழுதச் சொல்லாமல், பெயரையும் செய்த காரியத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். நம் வீட்டுச் சாவுகளில் நாம் சொல்லாமல் விட்டுவிடுவது இப்படி ஒரு காரியத்தைத்தான்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் இப்போதெல்லாம் ஒருவர் இறந்தால் பொழுது சாய்வதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பேனர் கட்டிவிடுகிறார்கள். பாசத்தின் பிறப்பிடம், பண்பின் சிகரம் என்று எல்லாருக்கும் ஒரே வாசகம். போன மாதம் போனவருக்கும் இந்த மாதம் போனவருக்கும் படம்தான் வேறு. துக்கத்தில் இருக்கிற வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்த நேரத்தில் யாருக்கும் வார்த்தை வராது. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்த பிறகாவது அந்த மனுஷனைப் பற்றி அவருக்கே உரிய ஒன்றை யாராவது வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், பேரப்பிள்ளைகளுக்கு அவர் மாலை போட்ட படமாக மட்டும்தான் மிஞ்சுவார்.

எங்கள் அம்மாவுக்கு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் படையல் போடுவோம். வடை, பாயசம், பூசணிக்காய்க் கூட்டு எல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டு இலையில் வலது ஓரத்தில் ஒரு கைப்பிடி மல்லாட்டையும் இருக்கும். தோல் உரிக்காத, வறுத்த வேர்க்கடலை; எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். அறுவடை நாளில் அம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடி நிறையப் போட்டு உரிப்பாள். கட்டைவிரல் நகத்தால் ஓட்டின் மூக்கை ஒரு அழுத்து, சட்டென்று பிளக்கும். திரண்ட பருப்பெல்லாம் எங்கள் கைக்கு வரும். உள்ளே ஒட்டிக்கொண்டு, தோல் சுருங்கி, சிவந்து கிடக்கிற சூம்பின பருப்பை மட்டும் தன் வாயில் போட்டுக்கொள்வாள். "ஏம்மா உனக்கு மட்டும் சூம்பினது?" என்று கேட்டால், "அடப் போடா, இதுதான்டா தித்திக்கும்" என்பாள். பெற்ற பிள்ளைகளுக்காகச் சொல்கிற பொய் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிற்பாடு தின்று பார்த்தேன். உண்மையிலேயே அதில் ஒரு இனிப்பு இருக்கிறது. அப்படியானால் அவள் விட்டுக்கொடுத்தாளா, நல்லதைத் தனக்கு எடுத்துக்கொண்டாளா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதை நினைத்தால் அவள் மேல் ஆசை இன்னும் கூடுகிறது.

இலையில் எதற்கு மல்லாட்டை என்று என் பேத்தி கேட்டாள். சொன்னேன். அவள் தன் கொள்ளுப்பாட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்கும் மல்லாட்டை உரித்தால் சூம்பின பருப்பைத் தேடி எடுத்து, "கொள்ளு ஆயாவோடது" என்று சொல்லித்தான் வாயில் போடுகிறாள். அம்மா நல்லவள், பொறுமைசாலி என்று நான் நூறு தரம் சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இப்படி இன்னொரு நினைவும் உண்டு. அண்ணாமலையைச் சுற்றி வருகிறவர்கள் ரமணாசிரமத்துக்குள் போனால் லட்சுமி என்ற பசுவின் சமாதியைப் பார்க்கலாம். 1948 ஜூன் 18 அன்று அது உயிர்விட்டது. பக்கத்திலேயே ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய் ஆகியவற்றுக்கும் சமாதி உண்டு. அந்தப் பசுவைப் பற்றிப் பேச்சு வந்தால் கீரைப்பாட்டியும் கூடவே வந்துவிடுவாள். ரமணர் மலைமேல் இருந்த காலத்தில், மலையில் கீரை பறித்துச் சமைத்து அவருக்குக் கொடுத்த கிழவி. அவளே லட்சுமியாகத் திரும்பி வந்தாள் என்பது ஆசிரமத்து அடியார்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவரவர் மனசு. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவள் படித்தவள் இல்லை, கோயில் கட்டவில்லை. கீரை ஆய்ந்து கொடுத்தாள். அவளைப் பார்க்காத தலைமுறைகள் அந்தக் கீரையாலேயே இன்றும் அவளை அறிகின்றன. ரமணரே அவள் கதையைப் பலரிடம் சொன்னதால்தான் அது நம் வரைக்கும் வந்தது. வீட்டு ஆசைகளையெல்லாம் துறந்து மலைக்கு வந்தவருக்கே ஒரு பிடி கீரை மறக்கவில்லை. நாம் ஏன் மறக்க வேண்டும்?

இதைவிட என்னை உலுக்குவது வல்லாள மகாராஜா கதை. அண்ணாமலையார் கோயிலில் அவர் பெயரில் கோபுரமே இருக்கிறது. மூன்றாம் வீர வல்லாளர், போசள மன்னர். 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை அவர் தலைநகரான துவாரசமுத்திரத்தின் மேல் பாய்ந்தது. பிற்காலத்தில் அவர் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்து ஆண்டார். மதுரை சுல்தானோடு நடந்த போரில், 1340-களின் தொடக்கத்தில், பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாளில் மதுரைக்கு வந்த பயணி இபின் பதூதா அவருடைய முடிவை எழுதி வைத்திருக்கிறார். தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டிருந்தார்களாம். கேட்கவே உடம்பு நடுங்குகிறது.

ஊர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஊர் பிடித்துக்கொண்டது வேறொன்றை. ராஜாவுக்குப் பிள்ளையில்லை, அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது தலபுராணம். தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசான்ய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். அங்கே ராஜா போரில் மாண்ட செய்தி சொல்லப்படும். போகும்போது முழங்கிய மேளம் திரும்பும்போது முழங்காது. அப்பன் செத்த சேதி கேட்ட பிள்ளையாகச் சாமி கோயிலுக்குத் திரும்புகிறார். பிறகு மாசி மகத்தில் பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரையில் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். அறுநூற்று எண்பது வருஷத்துக்கு முன்னால் செத்த ஒரு மனுஷனுக்கு, வருஷம் தவறாமல். எத்தனை போர், எவ்வளவு நாடு என்பதை அந்தச் சடங்கு சொல்வதில்லை. கொள்ளி வைக்க ஆளில்லாத ஒரு கிழவனின் ஏக்கம் மட்டும் அதில் நிற்கிறது. மதுரை மதிலில் தொங்கிய கோலத்தை இந்த ஊர் தன் மனசிலிருந்து இறக்கி வைத்த விதம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஊர் ராஜாவுக்குச் செய்வதை ஒரு வீட்டுக்குள் செய்யத்தான் நாம் பயப்படுகிறோம். எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். எனக்கு மகள் வயசு. வாலிப மகனை விபத்தில் பறிகொடுத்தாள். அவள் முன்னால் அவன் பெயரைச் சொல்ல எல்லாருக்கும் பயம். அழுவாளே என்ற அக்கறைதான். அவன் பெயர் வரக்கூடிய பேச்சு வந்தாலே திருப்பிவிடுவார்கள். வீட்டில் அவன் படத்தைக்கூட உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. பெயரைச் சொன்னால் அழுவாள். சொல்லாவிட்டால் அவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடுமே!

ஒரு நாள் அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா, உன் புள்ள பௌர்ணமிக்கு பௌர்ணமி கிரிவலம் வர்றவங்களுக்கு மோர் ஊத்துவானே, ஞாபகம் இருக்கா? எனக்கு மட்டும் ரெண்டு கருவேப்பிலை கூடப் போடுவான்" என்றேன். அவள் கை நின்றுவிட்டது. கண் கலங்கியது. ஆனால் அடுத்த கணமே, "ரெண்டு இல்ல பெரியப்பா, கொத்தாப் போடுவான். எங்கிட்டத் திட்டு வாங்குவான்" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெகுநேரம் பேசினாள். அவன் மோர்ப்பானையை எங்கே வைப்பான், எந்தச் செம்பால் மொண்டு ஊற்றுவான், கால் வலிக்கிறது என்று உட்காருகிற கிழவிகளுக்கு ஓடிப்போய் எப்படிக் கொடுப்பான் என்று எல்லாம் வந்தது.

அதற்குப் பிறகு நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளே பேசுகிறாள். போன பௌர்ணமிக்கு முதல் நாள் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். மோருக்கு உப்பு போடும்போது அவன் ஒரு கல்லை எடுத்து முதலில் தன் தங்கை நாக்கில் வைப்பானாம். அவள் முகத்தைச் சுளித்தால்தான் பானையில் போடுவானாம். அந்தத் தங்கைக்கு இப்போது கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருக்கிறது. "இத அவகிட்டயும் சொல்லு, அவ மறந்திருப்பா" என்றேன். "சொல்லிட்டேன் பெரியப்பா. அவ வேற ரெண்டு சொன்னா" என்றாள்.